விளக்கு வைத்த பிறகு

வெளியூரிலிருந்து வந்த பெட்டியைத் திறக்கும் போது பக்கத்தில் நின்று பார்ப்பது இருக்கிறதே, அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. பெண்ணாடத்தில் எங்கள் தெருவில் இதற்கு அழைப்பும் வேண்டியதில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றால் போதும். "என்ன, ரயில் நேரத்துக்கு வந்ததா?" என்று கேட்டுக் கொண்டே நாலு பேர் உள்ளே நுழைந்து விடுவோம். டில்லிப் பெட்டி என்றால் கம்பளி. காசிப் பெட்டி என்றால் கங்கைச் சொம்பு. அந்தமான் பெட்டி என்றால் சங்கும் சோழியும் சிப்பி மாலையும்.

போன சித்திரைக் கடைசியில் மூன்றாம் வீட்டு மருமகள் நாலு வயசுப் பிள்ளையுடன் அந்தமானிலிருந்து வந்து இறங்கினாள். அவள் புருஷனுக்குக் கடற்படையில் வேலை. இரண்டு வருஷமாகப் போர்ட் பிளேரில் ஜாகை. (2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றி விட்டார்கள். எங்கள் தெருவுக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) பெட்டி திறந்தது. மேலே பிள்ளையின் சட்டைகள். அதன் கீழே மாமியாருக்கு ஒரு புடவை. அதற்கும் கீழே சிப்பி மாலை இருக்கப் போகிறது என்று நாங்கள் கழுத்தை நீட்டினால், வந்ததென்ன தெரியுமா? புத்தகங்கள்! ஒன்றா, இரண்டா? எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

"பிள்ளைக்கு இத்தனை பாடப் புத்தகமா? இன்னும் ஒண்ணாங் கிளாஸ்கூடப் போகலையே!" என்றாள் மாமியார்.

"பிள்ளையுது இல்லை அத்தை. என்னுது."

கூடம் ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் போயிற்று. பிறகு மாமியார் என் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தீங்களா அக்கா? கடல் தாண்டிப் போயும் குடித்தனம் கத்துக்கலை. பரீட்சைக்குப் படிக்கிறாளாம்!"

நான் என்ன சொல்வது? சிரித்து மழுப்பி விட்டு வீட்டுக்கு வந்து விட்டேன். ஆனால் அந்தப் பதினொரு புத்தகங்களும் என்னோடு கூடவே வந்து விட்டன. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெண் மோர் வாங்கும் சாக்கில் வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து மெள்ளச் சொன்னாள். கல்யாணத்தின் போது அவள் பி.ஏ. இரண்டாம் வருஷம். "அங்கே போய் முடிச்சுக்கலாம்" என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே என்றால் எங்கே? முதலில் விசாகப்பட்டினம். பிறகு கொச்சி. பிறகு தீவு. ஓர் ஊரில் காலேஜ் வாசலைக் கண்டு பிடிப்பதற்குள் அடுத்த ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்து விடும்.

"தீவிலே சாயங்காலம் ரொம்ப நீளம் பெரியம்மா" என்றாள். "அதான் படிக்க ஆரம்பிச்சேன்."

வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து விடாதீர்கள். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. கடிகாரமோ நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆகையால் பெண்ணாடத்தில் சூரியன் அஸ்தமிப்பதற்குக் கிட்டத்தட்ட 50 நிமிஷம் முன்பே அங்கே அஸ்தமித்து விடுகிறது. மார்கழி மாதத்தில் சாயங்காலம் 5 மணிக்கே விளக்கு வைத்து விட வேண்டும். புருஷன் கப்பலோடு போனால் வாரக் கணக்கில் வர மாட்டான். பிள்ளை ஏழரைக்குத் தூங்கி விடும். பிறகு என்ன செய்வது? பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி பஞ்சாபி பேசுவாள், எதிர் வீட்டுக்காரி வங்காளி பேசுவாள். சுவர்ப் பல்லி ஒன்றுதான் எந்த ஊரிலும் ஒரே பாஷை பேசுகிறது!

அந்த நீண்ட சாயங்காலத்தைத்தான் அவள் இரண்டாகப் பிரித்தாள். 8 மணி வரை வீட்டுக்கு. 8 முதல் 10 வரை தனக்கு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்துக்கு அங்கேயும் ஒரு மண்டல மையம் இருக்கிறது. அதில் பெயரைப் பதிந்து கொண்டாள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோ மீட்டர் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்டில்தான் அந்தமானுக்கு நல்ல இன்டர்நெட் வந்தது. இருந்தாலும் இவள் நம்புவது அச்சடித்த புத்தகத்தைத்தான். "புயல் வந்தா நெட் போயிடும் பெரியம்மா. புத்தகம் எங்கே போகும்?" என்கிறாள்.

* * *

பட்டாளத்துக்காரர் மனைவி என்றால் நமக்கெல்லாம் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அவள் படும் பாடு நமக்குச் சரியாகத் தெரியாது. எல்லையில் போட்டு விட்டால் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. குடும்பத்தோடு இருக்கிற ஊரிலும் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் நிலைக்க முடியாது. பிள்ளைகளுக்காவது மாற்றல் சர்ட்டிபிகேட் கொடுத்து அடுத்த பள்ளியில் சேர்த்து விடலாம். பிள்ளையின் தாயாருக்கு யார் கொடுப்பார்கள் மாற்றல் சர்ட்டிபிகேட்?

இன்னொன்று கேளுங்கள். நம் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாய் பெரும்பாலும் 40 வயது ஆவதற்குள்ளேயே ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து விடுகிறார். பென்ஷன் பெற 15 வருஷ சேவை வேண்டும். அதே 15 வருஷத்துக்கு இன்னொரு மரியாதையும் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறிய முன்னாள் ராணுவத்தினர் 15 வருஷத்துக்குக் குறையாமல் உழைத்திருந்தால், பட்டம் கேட்கிற மத்திய அரசின் ‘சி’ பிரிவு உத்தியோகங்களுக்கு அவரைப் பட்டதாரிக்குச் சமமாக வைத்துப் பார்க்கலாம் என்று விதி செய்திருக்கிறார்கள். நல்ல விதிதான். நாட்டுக்கு உழைத்தவருக்குச் செய்ய வேண்டியதுதான்.

ஆனால் அந்த 15 வருஷமும் அவர் கூடவே பெட்டியைக் கட்டி, பெட்டியை அவிழ்த்து, ஊர் ஊராக அடுப்பு மூட்டினாளே ஒருத்தி, அவளுக்கு அப்படி ஒரு காகிதம் உண்டா? கிடையாது. அவளுக்கு வேண்டிய காகிதத்தை அவளேதான் சம்பாதித்துக் கொள்ள வேண்டும். 40 வயதில் அவர் வீட்டுக்கு வரும் போது பிள்ளைகள் மேல் வகுப்புக்கு வந்திருப்பார்கள். செலவு ஏறும் காலத்தில் சம்பளம் பென்ஷனாகச் சுருங்கி விடும். அப்போது வீட்டில் இன்னொரு சம்பளம் வருமா, வராதா என்பது அந்த 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில்தான் தீர்மானமாகிறது. சிப்பாய் வீட்டில் இதைவிடப் பெரிய துக்கமும் நேரக் கூடும். அதை நான் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

* * *

பட்டாளமும் படிப்பும் சேராது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் உலகத்தைப் பார்த்தால் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு அமெரிக்கா தன் சேனையில் ஒரு பகுதியை ஜெர்மனியிலேயே நிறுத்தி வைத்தது. யுத்தத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். "காலேஜுக்குப் போக எங்களுக்கு வழியில்லை. காலேஜ் எங்களிடம் வரட்டுமே!" என்பது போல் ஆயிற்று நிலைமை. வந்தது! 1949-ம் வருஷம் அக்டோபரில் மேரிலாண்ட் சர்வகலாசாலை ஏழு ஆசிரியர்களைக் கடல் கடந்து அனுப்பியது. பெர்லின், ஹைடல்பெர்க், மியூனிக் முதலான ஆறு நகரங்களில் வகுப்புகள் ஆரம்பமாயின. 1956-ல் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் அந்த ஏற்பாடு போய்ச் சேர்ந்தது.

பகலில் கவாத்தும் காவலும் உண்டல்லவா? அதனால் வகுப்பு சாயங்காலத்தில். பகலில் தளபதியாக இருப்பவரும் அவர் காரை ஓட்டுபவரும் சாயங்காலம் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து சரித்திரப் பாடம் கேட்கலாம். முகாமில் இருந்த மனைவிமார்களும் சேர்ந்து கொண்டார்கள். பாடத்தை எட்டு எட்டு வாரத் துண்டுகளாகப் பிரித்து வைத்தார்கள். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு துண்டு முடிவதற்குள் மாற்றல் வந்தால் அந்த ஒன்றுதான் நஷ்டம். முடித்ததெல்லாம் கணக்கில் நிற்கும். அடுத்த முகாமில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். ஊர் மாறினாலும் பாடம் மாறவில்லை.

முகாமில் இருப்பவராவது சுதந்திர மனிதர். அந்த யுத்தத்திலேயே ஜெர்மனியில் சிறைப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள், செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வந்த புத்தகங்களைப் படித்து, முள்வேலிக்குள்ளேயே பரீட்சை எழுதியிருக்கிறார்கள். லண்டன் சர்வகலாசாலை 1858-லேயே ‘எங்கே வேண்டுமானாலும் படி, பரீட்சையை மட்டும் எங்களுக்கு எழுது’ என்ற வழியைத் திறந்திருந்தது. அதே சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் கொடுக்க இன்னும் 20 வருஷம் யோசித்தது. 1878-ல்தான் சம்மதித்தது. போகட்டும், மாமியார்கள் சில சமயம் அதைவிடச் சீக்கிரமாகவே சம்மதித்து விடுகிறார்கள்!

அயல் நாட்டார் கதை எதற்கு என்கிறீர்களா? நம் தமிழ்ப் பெண்களின் கதை ஒன்று சொல்கிறேன். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் ஜான்சி ராணிப் படைக்கு முகாம் திறந்தது. அதை நடத்தியவர் கேப்டன் லட்சுமி. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1940-ல் சிங்கப்பூர் போய், ஏழைத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் செய்து கொண்டிருந்தவர். அவருடைய படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்துக் கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். பலருக்குத் தங்கள் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

அவர்களுக்குத் துப்பாக்கி பிடிக்க மட்டும் கற்றுக் கொடுத்தால் போதும் என்று விட்டார்களா? இல்லை. கவாத்து முடிந்த நேரத்தில் எழுத்து வகுப்பு நடந்தது. படைக்குப் பொது மொழி ஹிந்துஸ்தானி. அதை ரோமன் எழுத்தில் வாசிக்கப் படித்தார்கள். பால்வாளி தூக்கிய கை காலையில் துப்பாக்கி தூக்கியது. பிறகு பேனாவும் பிடித்தது. பட்டமில்லை, காலேஜில்லை, மரத்தடியும் கரும்பலகையுமாக இருந்திருக்கலாம். ஆனால் கடல் கடந்த ராணுவ முகாமில் தமிழச்சி படித்தாள் என்பது நேற்று முளைத்த அதிசயமல்ல, 80 வருஷத்துக் கதை.

* * *

மூன்றாம் வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே ஒரு சங்கடம் முளைத்திருந்தது. பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்துவதற்குப் பாட்டி நாள் பார்த்து வைத்திருந்தாள். ஆனி மாதம் முதல் வாரம். மகனுக்கும் அந்தத் தேதியில் லீவு கிடைத்திருந்தது. பிரளயகாலேசுவரர் சன்னிதியில் வைத்துக் கொள்வதாக ஏற்பாடு. சமையலுக்கு ஆள் சொல்லி, பந்தலுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. மருமகளுக்கோ ஜூன் மாதம் பரீட்சை!

"பரீட்சையாவது, கிரீட்சையாவது! டிசம்பர்லே எழுதட்டுமே. அப்பவும்தான் நடக்குதாமே" என்றாள் மாமியார். அவள் சொன்னதும் பொய்யல்ல. அந்தப் பல்கலைக் கழகத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், பரீட்சை நடக்கிறது. மூன்று வருஷத்துப் பட்டத்தை ஆறு வருஷம் வரை இழுக்கவும் இடம் கொடுக்கிறார்கள்.

ஆனால் மருமகள் ஏற்கெனவே இரண்டு தரம் தவற விட்டிருந்தாள். ஒரு தரம் பிள்ளைக்கு அம்மை. இன்னொரு தரம் ஜாகை மாறியதால், வீட்டுப் பாட விடைத்தாள்களை ஏதோ ஓர் அலுவலகத்தில் கொடுத்து, அது எங்கேயோ தங்கி, "வந்து சேரவில்லை" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அத்தனையும் கையால் எழுத வேண்டும்.

"இந்தத் தரமும் விட்டா, இனிமே நானே விட்டுடுவேன் பெரியம்மா. எனக்கு என்னைத் தெரியும்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் நானே மூன்றாம் வீட்டுக்குப் போனேன். மாமியார் முறத்தில் உளுந்து புடைத்துக் கொண்டிருந்தாள்.

"நீங்களும் அவ கட்சியா அக்கா? முப்பது வயசிலே, பிள்ளையைப் பெத்தவளுக்கு, பாடம் என்ன பாடம்?"

"வயசைப் பத்தி நம்ம ஊர்லே பேசாதே அம்மா. மெய்கண்டார் பிறந்த ஊர் இது" என்றேன்.

வாசகிகளில் தெரியாதவர்கள் இருக்கலாம். சைவ சித்தாந்தத்துக்கு ஆதாரமான சிவஞான போதத்தைத் தந்த மெய்கண்டார் பிறந்தது எங்கள் பெண்ணாடத்தில். வளர்ந்தது திருவெண்ணெய் நல்லூரில். அவருடைய குடும்பத்துக்குக் குருவாக இருந்தவர் சகலாகம பண்டிதர். எல்லா ஆகமங்களையும் கரைத்துக் குடித்தவர். அந்தக் கிழவர் ஒரு நாள் சிறு பிள்ளையான மெய்கண்டாரைக் கேள்வி கேட்க வந்தார். வந்தவர் தமக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறதென்று கண்டார். பேரன் வயதுப் பிள்ளையின் காலில் விழுந்து மாணாக்கர் ஆனார். அவர்தான் அருணந்தி சிவாசாரியார். இப்படித்தான் சைவ மரபு சொல்லி வருகிறது. அந்த ஊரில் இருந்து கொண்டு முப்பது வயசு படிக்கிற வயசில்லை என்று சொன்னால் சுவாமிக்கே அடுக்குமா?

மாமியார் முறத்தை நிறுத்தவில்லை. "அவரு பெரியவரு" என்றாள். "அவருக்கு வீட்லே சோறு யாரு வடிச்சா?"

நான் வாயடைத்துப் போனேன். இது லேசான கேள்வி அல்ல. படிக்கிற பெண்ணைப் பற்றி எழுதுகிறவர்களெல்லாம் விளக்கையும் புத்தகத்தையும் எழுதுகிறார்கள். சோறு வடித்தவளை எழுதுவதில்லை. ஒருத்தி படிக்க வேண்டுமானால் அந்த இரண்டு மணி நேரம் வேறு யாராவது பிள்ளையைப் பார்க்க வேண்டும், பாலைக் காய்ச்ச வேண்டும், கதவைத் தட்டுகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டும். மாமியார்கள் படிப்புக்கு விரோதிகள் இல்லை. ‘அந்தச் சுமையும் என் தலையிலா?’ என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் சரஸ்வதி தேவியைப் பற்றிப் பிரசங்கம் செய்து பயனில்லை.

ஆகவே நான் பிரசங்கத்தை விட்டேன். என் கதையைச் சொன்னேன்.

* * *

சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் சர்வகலாசாலை கண்டார். எங்கள் ஜில்லாப் பிள்ளைகளுக்கு அது வீட்டு வாசலில் வந்த காலேஜ். ஆனால் வாசலில் இருந்தால் மட்டும் போதாதே, வாசலைத் தாண்ட வேண்டுமே! நான் பி.யூ.சி. தேறினேன். கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அரக்கோணம், ஜோலார்பேட்டை, ஈரோடு என்று நானும் ஒரு கூட்ஸ் வண்டி மாதிரி போய்க் கொண்டிருந்தேன்.

தபால் மூலம் பட்டம் படிக்கும் வழி 1962-ல் டில்லி சர்வகலாசாலையில் தொடங்கியது. 1971-ல் மதுரைக்கு வந்தது. 1979-ல் அண்ணாமலையிலும் தொலைநிலைக் கல்வி ஆரம்பமாயிற்று. என் அண்ணா சிதம்பரத்துக்கே போய் விண்ணப்பம் வாங்கி, ஜோலார்பேட்டைக்குத் தபாலில் அனுப்பினார். "உடனே பூர்த்தி செய்து அனுப்பு" என்று ஒரு கடுதாசும் வைத்திருந்தார்.

என்னை யாராவது தடுத்தார்களா? இல்லை. என் மாமியார் தங்கமானவர். என் வீட்டுக்காரர் பேனாவில் மசி ஊற்றியே கொடுத்தார். ‘தீபாவளி போகட்டும்’ என்று நினைத்தேன். பிறகு ‘நாத்தனார் பிரசவம் ஆகட்டும்’ என்று நினைத்தேன். பிறகு ‘அடுத்த வருஷம்.’ அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. விண்ணப்பம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில், கல்யாணக் கூறைப் புடவைக்கு அடியில் இருக்கிறது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் முதல் எழுத்து மட்டும் எழுதியிருக்கிறேன்.

அவர் 1994-ல் தவறிப் போனார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். ரயில்வேயின் நன்றியை நான் மறக்க மாட்டேன். ஆனால் பட்டம் இருந்தவளுக்கு எழுதும் வேலை, எனக்கு அந்த எழுத்தைத் தூக்கிக் கொண்டு மேஜைக்கு மேஜை போகும் வேலை. பதினாறு வருஷம் காகிதம் தூக்கினேன். ஒவ்வொரு நாளும் அந்த விண்ணப்பம் ஞாபகம் வந்தது.

"படிக்க விடாதவங்களைக்கூட மன்னிச்சிடலாம் அம்மா. ‘அடுத்த வருஷம்’னு சொல்லிக் கொண்டே இருந்த என்னைத்தான் என்னாலே மன்னிக்க முடியலை" என்றேன்.

முறம் நின்றது. உளுந்தைக் கையால் தடவிக் கொண்டே அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

* * *

அதற்குள், உங்களில் யாருக்காவது அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்றால், எனக்குத் தெரிந்த நாலு விஷயங்களைச் சொல்லி விடுகிறேன்.

முதலாவது, எந்தச் சர்வகலாசாலையாக இருந்தாலும், நீங்கள் சேருகிற அந்தப் படிப்புக்கு, சேருகிற அந்த வருஷத்துக்கு, பல்கலைக் கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர் பெரிது, கட்டடம் பழையது என்று நம்பிப் பணம் கட்டக் கூடாது. அங்கீகாரம் இல்லாத வருஷத்துப் பட்டம், ஊறாத ஊறுகாய் மாதிரி. இலையில் வைக்கலாம், சாப்பிட முடியாது.

இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காமல் நேரே பட்டப் படிப்பில் சேர்க்கும் குறுக்கு வழிகள் உண்டு. அறிவுக்கு அது நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டு அரசு உத்தியோகம் வேண்டுமானால் பத்து, பன்னிரண்டு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசை தவறக் கூடாது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்கள், 1989-ல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் மூலம் முதலில் அதை முடித்துக் கொள்ளலாம்.

மூன்றாவது, மாற்றல் உள்ள குடும்பம் என்றால், ஊர் மாறினாலும் மையத்தை மாற்றிக் கொள்ள இடம் கொடுக்கும் படிப்பாகப் பாருங்கள். பார்லிமெண்டு சட்டத்தின் மூலம் 1985-ல் ஏற்பட்ட இந்திரா காந்தி பல்கலைக் கழகத்தில் அந்த வசதி இருக்கிறது. தரைப் படைக்கும் கடற்படைக்கும் தனி மண்டல மையங்களையே அது அங்கீகரித்திருக்கிறது. விலாசம் மாறினால் அன்றே தெரிவியுங்கள். வீட்டுப் பாட விடைத்தாளைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். அங்கே பட்டப் படிப்புகளில் பெரும்பாலும் 100-க்கு 30 மார்க் இந்த வீட்டுப் பாடத்துக்குத்தான். முப்பது மார்க்கை யாரோ ஒருவருடைய மேஜை அறையில் விட்டு விட்டு வராதீர்கள்.

நாலாவதுதான் முக்கியம். வீட்டில் உள்ளவர்களிடம் ‘நான் படிக்கப் போகிறேன்’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ‘எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை’ என்று சொல்லுங்கள். பிள்ளையை யார் தூங்க வைப்பது, பால் யார் உறை குத்துவது என்பதையும் அப்போதே பேசி முடித்து விடுங்கள். படிப்பு என்றால் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் என்றால் யாருக்கும் பயமில்லை. புருஷர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனைவி படிப்பதைப் பற்றி நண்பர்களிடம் பெருமை பேசுகிறீர்கள், சரி. பால் உறை குத்தியிருக்கிறீர்களா?

* * *

கதையை முடிக்க வேண்டுமே! மறுநாள் காலை பத்து மணிக்கு மாமியார் குடையை எடுத்துக் கொண்டு ஜோசியர் வீட்டுக்குப் போனதைத் தெருவே பார்த்தது. திரும்பி வந்தவள் நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"வைகாசியிலேயே ஒரு நல்ல நாள் இருக்காம் அக்கா. வர்ற வெள்ளிக்கிழமை."

"உன் பையனுக்கு அப்போ லீவு கிடையாதே?"

"காது குத்தறதுக்கு மாமன் மடிதானே வேணும்? அப்பன் எதுக்கு? அவன் போன்லே பார்த்துக்கட்டும்!"

பந்தல்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. பந்தலே இல்லாமல் காது குத்து நடந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளை போட்ட கூச்சலுக்குத் தூங்கானை மாடக் கோவிலின் கோபுரப் புறாக்களெல்லாம் பறந்தன. நடுக்கடலில் இருக்கும் தகப்பனுக்குப் போனில் பாதிதான் தெரிந்ததாம். கூச்சல் முழுதாகக் கேட்டதாம்.

இரண்டாம் நாள் பெட்டி கட்டினார்கள். கட்டும் போதும் நாங்கள் நாலு பேர் நின்றோம். மருமகள் அடியில் புத்தகங்களை அடுக்கி, மேலே ஊறுகாய் ஜாடியை வைக்கப் போனாள்.

"அறிவிருக்கா உனக்கு?" என்று மாமியார் ஜாடியைப் பிடுங்கினாள். "எண்ணெய் கசிஞ்சா புத்தகம் என்னத்துக்கு ஆகும்? அதைத் தனியா கையிலே எடுத்துக்கிட்டுப் போ."

ரயில் நிலையத்திலிருந்து திரும்பி வந்து விளக்கு வைத்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த விண்ணப்பத்தை ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்து மூடி விட்டேன். அந்தத் தீவில் அப்போது விளக்கு வைத்து ஒரு மணி நேரமாகியிருக்கும்.